பட்டுப்புடவை கட்டிக் கொழுந்து பறித்தது

பிரிஞ்சாங்,
9.8.1982

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி பவளமும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கோலாலம்பூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடுதாசி வந்தது. மாலை வகுப்பில் வியாபாரம் படிப்பதாகவும், வியாபாரத்துக்கு மூலதனமே கற்பனைதான் என்று வாத்தியார் சொன்னதாகவும், அதனால் பேக்டரி வேலையை விட்டுவிட்டு என் தம்பி சிவசாமியோடு கூட்டுச் சேரப்போவதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. உன் கற்பனை இங்கே செய்த வேலையை உன் மாமன் உனக்கு எழுதியிருக்க மாட்டான், அதனால் நான் எழுதுகிறேன்.

தேயிலையை எல்லாரும் விற்கிறார்கள், நாம் தேயிலை பறிப்பதையே காட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் படம் பிடிக்கக் காசு வாங்கலாம் என்று நீதான் அவனுக்கு யோசனை சொன்னாயாம். அவனும் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு ரோட்டு வளைவில் போர்டு நட்டான். பவளத்தை வேலைக்குப் போகவிடாமல், தீபாவளிப் பட்டுப்புடவையைக் கட்டச் சொல்லி, தலையில் செவ்வந்திப் பூ வைத்து, எங்கிருந்தோ ஒரு பழைய கூடையைத் தேடி முதுகில் மாட்டிவிட்டான். நாங்கள் கொழுந்தைக் கத்திரியால் வெட்டத் தொடங்கிப் பல வருஷமாகிறது, கூடையும் விரலால் கிள்ளுவதும் யாருக்கு நினைவிருக்கிறது? நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கு படத்தில் அசிங்கமாக விழும் என்று அதையும் கழற்றச் சொன்னானாம். காலைப் பனியில் செடிக்குள் படங்கு இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று இந்தத் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா? இடுப்புவரை நனைந்து பிள்ளை வெடவெடவென்று நடுங்கி நின்றது. கற்பனை வந்தால் கண் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது. இதில் பெரிய கூத்து, காரில் வந்தவர்கள் இறங்கியதும் முதலில் கேட்டது குடிக்கத் தேத்தண்ணீர். தேயிலைக் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு உன் மாமனிடம் ஒரு கோப்பை தேத்தண்ணீர் இல்லை. ஒரு கேத்தலில் வெந்நீர் போட்டுவைக்க உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஒரு பஸ் நிறைய ஆள் வந்து, படம் பிடிக்கிறோம் என்று செடிக்குள் இறங்கி, இளங்கொழுந்தையெல்லாம் ஒடித்து மிதித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்தார். சிவசாமி போர்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான், பவளம் மட்டும் புடவையோடு நின்றாள். சாயங்காலம் கங்காணி முருகையா வீட்டுக்கு வந்து, "நாளையிலேர்ந்து பவளத்துக்குப் பேரு போட மாட்டாங்கக்கா, வேலை இல்லைன்னு துரை சொல்லிட்டாரு" என்றார். எனக்கு இந்த வருஷக் கடைசியோடு வேலை முடிகிறது. அவள் பேரும் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் எங்கே போவது, அதற்கும் ஏதாவது கற்பனை வைத்திருக்கிறாயா?

பவளம் அழவில்லை, உன்மேல் கோபமும் இல்லை என்கிறாள். அண்ணன் முன்னுக்கு வர நினைத்தது தப்பா என்று உனக்காக என்னிடம் வாதாடுகிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ கடை வை, கம்பெனி வை, நான் தடுக்கவில்லை. ஆனால் நீ உட்கார்ந்து யோசித்ததற்கு என் பெண் ஏன் நனைய வேண்டும்? ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சினேன். யோசனை யாருடையதோ அவரே வந்து துரையிடம் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். உன் மாமன் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர் கியா பார்மில் போய் ஒளிந்துகொண்டான். காலமான உன் அப்பாவிலிருந்து உன் மாமன்வரை இந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை எவனும் தன் தப்பைத் தன் வாயால் சொன்னதில்லை. புதுசாக ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் அதைச் செய்.

மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். குளிர்ச்சட்டை எடுத்துவா. சனிக்கிழமை தாப்பாவிலிருந்து மேலே ஏறும் கடைசி பஸ்ஸை விட்டுவிடாதே, திங்கட்கிழமை காலை பேர் கூப்பிடும் பெரட்டில் பவளத்துக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்மாக்கண்ணு