பத்தடிக்குள் எடுத்த படம்

கல்மண்டபத்துப் பக்கம் இருக்கிற ஸ்டுடியோ வாசலில் இன்று காலை அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே படம் கழுவிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஹைப்போ மருந்தின் புளித்த வாடை தெருவரை வந்தது. வாங்கிய கறிகாயோடு வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். செத்தவனுக்குக் கடுதாசியா என்று கேட்பாய். கேளேன்! ஏழு வருஷமாக நீ ஒன்றுமே கேட்காமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மூர் மார்க்கெட்டில் அந்தப் பெட்டி கேமராவை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். கூடவே கொடுத்த இங்கிலீஷ் தாளை ராயபுரம் கடற்கரையில் உட்கார்ந்து நான் படித்துச் சொன்னேன். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடி. மூச்சை அடக்கிக்கொண்டு விசையை மெதுவாக அழுத்து. எடுத்த பிறகு பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலில் அடுத்த நம்பர் வரும்வரை சுருளைச் சுற்று. எதை எடுத்தாலும் பத்தடி தள்ளி நின்று எடு. இவ்வளவுதான் வித்தை. ஒரு சுருளுக்கு எட்டுப் படம்.

முதல் சுருளைக் கழுவி வாங்கிப் பார்த்தால் இரண்டு பேருக்குத் தலை இல்லை. ஒன்றில் என் நிழல் மட்டும் மணலில் நீளமாகக் கிடந்தது. இன்னொன்றில் கடலே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "இன்னா மாமு, கடலு சாஞ்சி கீது? தண்ணி கொட்டிடப் போவுது, நிமித்திப் புடி!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சண்டை போட அப்போது நமக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

திருவொற்றியூர் போகும் வழியில் கடலோரமாக இருந்த இரும்பு யார்டில் உனக்கும் எனக்கும் வேலை. நீ கிரேன் கொக்கியில் சரக்கை மாட்டுகிறவன். நான் கேட்டருகே சீட்டு எழுதுகிற குமாஸ்தா. அந்தக் கோடையில்தான் நீ கயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். கொக்கிக்குச் சற்று மேலே, கிரேனின் கம்பிக் கயிற்றில் ஒரு புரி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் இரண்டாயிற்று. பிறகு நாலு. சரக்கு மேலே போகும்போதெல்லாம் அது முனகும். என் மேஜைவரை கேட்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முனகல் நிற்கிறவரை உன் தலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மானேஜரிடம் மூன்று தடவை போய்ச் சொன்னாய். அவர் மின்விசிறிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தால்தானே! "கண்ணால பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன். கிரீஸ் போட்டு ஓட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ நேரே என்னிடம் வந்தாய்.

"அவரு வர மாட்டாரு நைனா. கயித்த அவரு மேஜ மேல வெச்சிடலாம். போட்டோ புடி. அந்தச் சனியன் நெதம் என் தல மேல தொங்கிகினு கீது."

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் வெளியே போனதும் கேமராவோடு வந்தேன். கொக்கியைத் தரையருகே இறக்கி நிறுத்தியிருந்ததால் அறுந்த இடம் மார்பு உயரத்தில் இருந்தது. சுருளில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆறேழு அடி தள்ளி, கை மறைத்துவிடக் கூடாது என்று ஒதுங்கி நின்று, அறுந்த இடத்தை நோக்கி விரலை நீட்டினாய்.

"கிட்ட வா. இன்னும் கிட்ட. புரி தெரிய வேணாமா?"

பத்தடி என்று அந்தத் தாளில் போட்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான்தானே உனக்குப் படித்துச் சொன்னவன்? ஆனால் பெட்டியின் மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு புரியும் துல்லியமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடி எப்போதும் தெளிவாகத்தான் காட்டும், உள்ளே சுருளில் விழுவது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. தாளைவிடக் கண்ணை நம்பினேன். நாலடியில் நின்று விசையை அழுத்தினேன்.

படம் வருவதற்கு ஒரு வாரமாயிற்று. அதற்குள் ஆறு புரி போய்விட்டது என்றாய். படத்தில் கயிறு வெறும் சாம்பல் புகையாக இருந்தது. அதற்குப் பின்னால் நீ மட்டும், சட்டைப் பொத்தான்வரை, அத்தனை தெளிவாக நின்றாய். இருந்தாலும் மானேஜரிடம் கொண்டுபோனேன். அவர் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். "இதுல கயிறு எங்கய்யா? உன் சிநேகிதன் மூஞ்சி நல்லா விழுந்திருக்கு. பிரேம் போட்டு வை" என்று சிரித்தார்.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சரி உடு மாமு. ஞாயித்திக்கெழம புதுச் சுருளு வாங்கியாந்து, நீ சொல்ற மாரியே பத்தடில நின்னு புடிக்கலாம்" என்றாய். நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமையே கயிறு அறுந்தது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மானேஜரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். "கயிறு பழுதுன்னு இறந்துபோனவர் யார்கிட்டயாவது சொன்னாரா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். படம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கயிறு கலங்கியிருந்தால் என்ன? நீ அதைப் பார்த்தாய், சுட்டிக் காட்டினாய் என்பதற்கு அது போதும். அதை மேஜைமேல் வைத்திருக்க வேண்டும். மானேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் என் மூன்று பெண்களோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

கவனக்குறைவாகச் சரக்குக்கு அடியில் நின்றான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நீயாடா கவனமில்லாதவன்? அந்த யார்டில் அண்ணாந்து பார்த்தவனே நீ ஒருவன்தான். பயந்தாங்கொள்ளி நான். இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

முதல் வருஷத் திதிக்கு முன்னால் உன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, மால போட அவரு படம் ஒண்ணுகூட வூட்ல இல்ல. நீங்க புடிச்சது எதுனா கீதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தப் படத்தில் கயிறும் இருப்பது உறைத்தது. மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். இடது பக்கம் கலங்கலாக இருக்கிறது, அதை மட்டும் வெட்டிவிடுங்கள் என்றேன். ஸ்டுடியோக்காரர் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் வெட்டிக் கொடுத்தார்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இன்னாத்தக் காட்டினு கீறாரு?" என்று கேட்டாள்.

"கப்பலைத்தாம்மா. பெரிய கப்பல் ஒண்ணு வந்துச்சு அன்னைக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "கப்பலுன்னா அவருக்கு உசுரு. வேடிக்க பாத்துகினே நின்னுடுவாரு. அன்னிக்கும் அப்படித்தான் நின்னுட்டாரு போல." போன மாதம் என் காதுபடவே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிய துண்டு என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு விரல் அகலம்தான். அந்த ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டார். கயிற்றோடு உன் விரல் நுனியும் என்னிடம் வந்துவிட்டது.