மொறிஸ் மைனருக்குப் புதுச் சில்லு

தோட்டவெளி,
மன்னார்.

அன்பு மகன் மில்ரனுக்கு,

மடு மாதா உன்னைக் கைவிடாமல் வைத்திருப்பாளாக. நானும் உன் மனைவி மதுஷிகாவும் சுகமாக இருக்கிறோம். போனில் நான் கதை தொடங்கும்போதே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் கனடா திரும்பும் பஸ்ரியனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

அப்பாவின் மொறிஸ் மைனரை விற்கச் சொன்னாய். "துருப்பிடிச்ச காருக்குப் புதுச் சில்லு எதுக்கு அம்மா? அவளும் இங்க வரத்தானே போறாள்" என்றாய். கலியாணம் முடிந்து நீ விமானம் ஏறியதிலிருந்து நாங்களும் அந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கிடையில் அவள் படித்து மருத்துவமாதுவாகி, நறுவிலிக்குளம் பக்கம் வேலையும் எடுத்துவிட்டாள். பஸ்சை நம்பினால் கர்ப்பிணிகள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனவே காரை வெளியே எடுத்தாள். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சில்லுகளைத்தான் உப்புக்காற்று தின்றிருந்தது. ஒருநாள் மன்னார்ப் பாலத்தின் நடுவில், காற்று அடிக்கிற அடியில், முன் ரயர் காற்றுப் போய் நின்றுவிட்டாள். கழற்றிப் பார்த்தால் சில்லின் இரும்பு றிம்மின் ஓரம் கையோடு உதிர்ந்து வந்தது.

ரயர் கடைக்காரர் பக்கீர் உனக்குத் தெரிந்தவர்தானே. எங்களைக் கண்டதும் பளபளவென்று அகலமான சில்லுகளை எடுத்து வைத்தார். யப்பான் காரில் இருந்து கழற்றியவையாம். "தங்கச்சி, இதப் போட்டா கிழவன் மாப்பிள்ளையாகிருவான்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆணித் துளைகள் நாலும் பொருந்தின. மதுஷிகா பின்பக்கம் இரண்டையும் பூட்டச் சொன்னாள். பிறகு என்னையும் என்னோடு வந்த றோசம்மாவையும் பின் சீற்றில் ஏற்றினாள். எங்கள் இருவரின் உடம்பும் உனக்குத் தெரியும். பக்கீரையும் முன்னால் இருத்திக்கொண்டு ரயில் கடவை மேட்டில் ஏற்றி இறக்கினாள். மேலே மட்காட்டில் ரயர் உரசிக் கத்தியது பார், றோசம்மா யேசுவே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பாரம் ஆரை ஏத்தப் போறீங்க தங்கச்சி?" என்று பக்கீர் சிரித்தார்.

"பிள்ளைத்தாச்சியையும் அவவின்ர தாயையும் ஏத்துவன், பக்கீர் நானா. அந்த நேரம் இது உரசக் கூடாது" என்றாள்.

பிறகு அவரும் சிரிக்கவில்லை. அங்கேயும் இங்கேயும் விசாரித்து, பழைய அளவிலேயே ஒடுக்கமான ரயரும் சாதாரண இரும்பு றிம்மும் எடுப்பித்துத் தந்தார். ஒரு ரயரின் பக்கத்தில் பொறித்திருந்த உற்பத்தித் திகதி இலக்கத்தை வாசித்து, இது கடையில் கிடந்து இறுகிப்போனது என்று திருப்பிக் கொடுத்தாள். பூட்டுவதற்கு முன் றிம்களுக்குத் துருவுக்கான பூச்சு அடித்தாள். வெளியே தெரியும் பக்கத்துக்கு மட்டுமல்ல, ஒருவர் கண்ணிலும் படாத உட்பக்கத்துக்கும் இரண்டு தரம். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கினாள். தலைமன்னார் வரை ஓடிப் பார்த்துவிட்டு, இறங்கி மறுபடியும் இறுக்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்கிறவளை நான் கண்டதில்லை, மகன்.

போன கிழமை மழையில் ரோட்டெல்லாம் வெள்ளம். நறுவிலிக்குளத்து அனுஜாவுக்கு நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றார்கள். மதுஷிகா அவளையும் தாயையும் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். "கார் ஆடவே இல்லை அக்கா, தொட்டில் மாதிரி வந்தது" என்று, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன என் கையைப் பிடித்து அனுஜாவின் தாய் அழுதாள். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, நனைந்த உடுப்போடு சில்லுகளில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, "மாமி, அவர் போன் எடுத்தவரோ?" என்று கேட்டாள். "ஓம், எடுத்தவன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் அவள் பழகிவிட்டாள்.

காரை அவளுடைய பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி விற்பது பற்றி என்னிடம் கேளாதே. நீ என்ன முடிவில் இருந்தாலும், இந்த வீட்டில் அவள் என் பிள்ளை. ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும். என் வாயால் அவள் கேட்க வேண்டாம். அவள் தாங்குவாள். காத்திருக்க வைப்பதுதான் பாவம்.

நீ அன்று போன் எடுத்தபோது உனக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றாய். அந்தப் பிள்ளை என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இரவில் நித்திரையாக்கும்போது அதன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடு.

உன்னைப் பெற்ற,
எடித்