கயிற்றில் கை வைத்தவனுக்குக் குழம்பு மீன்

மடவை மீன்களின் சக்கரவர்த்திக்கு,

உன் பெயருக்கு இன்று ஒரு தபால் வந்தது. நான் கல்லூரியை விட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகும், சனிக்கிழமையானால் பழக்க தோஷத்தில் பொன்னேரியில் இறங்கிவிடுகிறேன். கல்லூரிக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, "உங்க சிநேகிதருக்கு வந்தது சார், நீங்களே வச்சிக்கங்க" என்று ஒரு பழுப்பு உறையை நீட்டினார். பிரித்ததும் அந்த வாசனை எழுந்தது: வழவழப்பான சீமைத் தாளும் அச்சு மையும். நீ முகத்தைப் புதைத்துக்கொண்டு கிறங்குவாயே, அதே வாசனை. "இத்தனை நேரம் மோந்துண்டிருக்கியே, என்ன தாழம்பூவா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க ஆள் இல்லை.

நாம் குடியிருந்த அறை ஓர் அரண்மனை. ஒருவர் மூச்சை வெளியே விட்டால்தான் மற்றவர் உள்ளே இழுக்க முடியும். நான் வேதியியல் வாத்தியார், நீ விலங்கியல். நான் திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பம். தெருவில் கருவாட்டு வண்டி போனால் குளத்தையே குளித்துத் தீர்க்கிற வம்சம். நீயோ பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வம்சத்தின் அத்தனை குளியலையும் மீன்கள் ஊறும் உன் கண்ணாடிச் சீசாக்கள் ஒரே வாரத்தில் தோற்கடித்தன.

அந்த அரண்மனைக்குக் கடல் தாண்டி ஓலை வரும். ஏதோ ஒரு தேசத்து ஆய்விதழின் ஆசிரியர் யாரோ எழுதிய கட்டுரையை அனுப்பி, அச்சிடத் தகுமா என்று பார்த்துச் சொல்லும்படி உன்னைக் கேட்டிருப்பார். அதற்குக் கூலி கிடையாது. பார்த்தவர் பெயரும் வெளியே வராது. திருப்பி அனுப்பும் தபால் தலைகூட உன் செலவுதான். நீ அதைப் பட்டாபிஷேக அழைப்பு போலப் பிரிப்பாய்.

கடைசியாக வந்தது மடவைக் குஞ்சுகளைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் இரண்டு இனத்துக் குஞ்சுகளை ஒன்றென்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்று உனக்குச் சந்தேகம். அந்த மழைக்காலம் முழுவதும் ஏரி முகத்துவாரத்தில் லென்ஸோடு நின்றாய். வரி வரியாகத் திருத்தினாய். அட்டவணைகளைப் புதிதாகப் போட்டாய். என் கணக்கில் அந்தக் கட்டுரையில் முக்கால் பாகம் நீ, மிச்சமெல்லாம் காற்புள்ளி.

உன் அண்ணனுக்குத்தான் இது பொறுக்கவில்லை. அவருடைய கரைவலை ஏறும்போது கயிற்றில் கை வைத்தவன் வழிப்போக்கனானாலும் குழம்புக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நானும் இழுப்பேன். என் இழுப்பில் வங்காள விரிகுடாவே ஒரு முழம் கரைப்பக்கம் நகர்ந்ததாக இன்றும் நம்புகிறேன். "இழுக்கல சாமி, நீ தொங்கிக்கினு இருக்க" என்பார் அண்ணன். ஆனாலும் என் பங்கு மீன் என் கைக்கு வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடப்பக்கம் நிற்கும் உன்னிடம் தள்ளிவிடுவேன்.

அப்படி ஒரு நாள் மணலில் வைத்து அவர் கேட்டார். "ஏன்டா, எப்பப் பாரு அந்தக் காகிதத்தயே கட்டிக்கினு அழுவுறியே, அவன் இன்னா குடுக்குறான்?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"அச்சடிச்சி விக்கிறான்ல?"

"விக்கிறான்."

"வித்துப்புட்டு கொழம்புக்குக்கூட மீனு குடுக்க மாட்டானா? அவன்லாம் இன்னா வலக்காரன்?"

நீ சிரித்தாய். "இன்னிக்கு அவன் எழுதுனத நான் பாக்குறேன். நாளைக்கு நான் எழுதுனத வேறொருத்தன் பாப்பான்ல. அதாண்ணா கூலி."

அன்றிலிருந்து நம் பாஷையில் அச்சான கட்டுரைப் பிரதிக்குக் குழம்பு மீன் என்று பெயர்.

அந்த மீன்தான் உனக்குக் கிடைக்கவில்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அந்த இதழின் சந்தா எகிறியது. விலைக் கடிதத்தைப் படித்த பிரின்சிபாலுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தோம். கல்லூரியையே விற்றாலும் அட்டை மட்டும்தான் கிடைக்கும் என்றார். சந்தா நின்றது. கூலியில்லாமல் நீங்கள் எழுதி, கூலியில்லாமல் நீங்களே திருத்தியதை, உங்களுக்கே அந்த விலைக்கு விற்கும் மகா வியாபாரத்தை என் முதலாளிமார் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கட்டுரை அச்சாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் எழுதியவருக்கே ஒரு கார்டு போட்டாய்: தயவுசெய்து ஒரு பிரதி அனுப்ப வேண்டும். வீட்டைக் கட்டியவன் வாசலில் நின்று தண்ணீர் கேட்டது போல எனக்கு எரிந்தது. "திருத்தினது நான்தான்னு ஒரு வரி எழுதேன்டா" என்றேன்.

"அதெல்லாம் சொல்லிக்கினு இருக்கக் கூடாதுய்யா. மொறன்னு ஒண்ணு இருக்குது."

காமாலையில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னைப் பார்த்ததும் உன் முதல் கேள்வி, "கொழம்பு மீனு வந்துச்சா?" கப்பலில் வருகிறது, கப்பலைத் திமிங்கலம் மறித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். அதற்கும் சிரித்தாய். உதடு மட்டும்.

இன்று வந்தது. மேலே எழுதியவரின் கையெழுத்து, அன்புடன் என்று. கடைசிப் பக்கத்தில் பெயர் அறியாத ஒரு மதிப்பீட்டாளருக்கு நன்றி. அதை எடுத்துக்கொண்டு நேரே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணனிடம் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"இது என் தம்பியா?"

"ஆமாண்ணா."

"பேரு போடலியே."

"போடக் கூடாதாம்."

அவர் அந்த வரியின் மேல் ஒரு முறை விரலை ஓட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார். நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். இந்தத் தடவை விரிகுடா அசையவில்லை. வலை ஏறியதும் ஒரு மடவையை எடுத்து என் கையில் வைத்தார். பழக்கத்தில் என் கை இடப்பக்கம் நீண்டது. அங்கே மணல்தான் இருந்தது.

"எனக்கு எதுக்கண்ணா?" என்றேன்.

"கை வச்சல்ல சாமி. எடுத்துக்கினு போ."

ஓலையில் சுற்றிக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டி வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். இதை எழுதும்போது மேஜை மேல் உன் கட்டுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியாது. வீசவும் கை வரவில்லை.