ஏழுல இருந்து பத்து வரைக்கும் என் வெயில்

பிப். 8, சனி

பனி. வெயில் ஏறவே எட்டரை. ஏழு மணிக்கே மம்பட்டியோட கெணத்தடியில போயி நின்னேன். குழாயில சொட்டு இல்ல. எட்டு மணிக்கு மேல ரெண்டு தடவ இருமுச்சு, பெறகு நூலு மாதிரி வந்துச்சு. நல்லா ஊத்த ஆரம்பிக்கிறப்ப மணி பத்து. என் முறை முடிஞ்சு போச்சாம். பெரியத்தான் வந்து வாய்க்கால அவுக பருத்திக்குத் திருப்பிட்டாக. எனக்கு மூணு பாத்தி நனைஞ்சுச்சு. மொத்தம் இருபத்தி நாலு பாத்தி மெளகா. பூ விட்டு நிக்குது.

யார்ட்டயும் சொல்ல முடியல. அதான் இதுல எழுதுறேன். சோலார் பம்பு தொறப்பு விழாவுல குடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில 'எரிசக்தி சேமிப்போம்'னு அச்சடிச்சிருக்கு.

அந்த விழா இருக்கே. பந்தல், வாழை மரம், மைக் செட்டு. மைக் செட்டுக்கு டீசல் ஜெனரேட்டர்! சோலார் விழாவுக்கு! ஆபீஸர் பேசுனாரு: "இனிமே டீசல் வாங்க வேண்டாம், கரண்டு கனெக்சனுக்கு வருசக் கணக்குல காத்துக் கெடக்க வேண்டாம், நாட்டுக்கே மின்சாரம் மிச்சம்." நானும்தான் கை தட்டுனேன்.

கெணறு மாமனார் வெட்டுனது. மூணு மகனுக்கும் பங்கு: பெரியத்தான், எங்க வீட்டுக்காரர், கொழுந்தன் செல்வம். ஆயில் இன்ஜின் காலத்துலயே ஆளுக்கு மூணு மணி நேரம் முறை. அதே முறையைத்தான் சோலாருக்கும் வச்சாக. ஏழு டு பத்து எனக்கு. பத்து டு ஒன்னு பெரியத்தான். ஒன்னு டு நாலு செல்வம்.

இதுல கேவலம் என்னன்னா காலை முறைய நானே சண்டை போட்டு வாங்குனேன். இன்ஜின் ஓடுறப்ப காலை முறைக்குத்தான் அடிபிடி. வெயிலுக்கு முந்திப் பாச்சுனா ஈரம் நிக்கும், செடி தெளிஞ்சு வரும். இன்ஜினுக்கு ஏழு மணியும் ஒன்னு, பன்னெண்டு மணியும் ஒன்னு. வெயிலுக்கு அப்படியா? கூறுகெட்டவ. பெரியத்தான் ஒடனே சரின்னு சொன்னாக. புருசன் திருப்பூர்ல கெடக்கான், ஒத்தப் பொம்பளன்னு பாவம் பாத்து விட்டுக்குடுக்குறாகன்னு நெனச்சேனே. என்னைய எதால அடிக்க?

பிப். 10, திங்கள்

வாங்கணும்: துணி சோப்பு, பாப்பாவுக்கு கிராப் நோட்டு, மருந்து அடிக்கிற டேங்குக்கு வாசர்.

இன்னிக்கு நீல டிரம்மக் குழாய்க்கு அடியில வச்சு நெறைய எம்புட்டு நேரம் ஆகுதுன்னு செல்போன்ல பாத்தேன். எல்லார் முறையிலயும் போயி வச்சேன்.

7.30 — வரவே இல்ல
8.30 — பத்து நிமிசம்
9.30 — மூணு நிமிசம்
12.00 — ஒரு நிமிசம் கூட இல்ல
2.00 — ஒன்றரை

செல்வம் சிரிச்சான். "என்ன மதினி, ஆராய்ச்சியா?"

ஆமாடா, ஆராய்ச்சிதான். மணிக்கு மணி சமம்னு சொல்லி எனக்கு எச்சித் தண்ணியக் குடுத்திருக்கீகளே, அந்த ஆராய்ச்சி. வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன். வெளிய "சும்மாதான் தம்பி"ன்னேன். அதுக்கும் சேத்து என் மேலயே ஆத்திரம்.

பிப். 11, செவ்வா

காத்து இல்ல. புழுக்கம்.

பெரியத்தான் வீட்டுக்குப் போனேன். டிரம்மு விவரத்த எழுதி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். அவுக கண்ணாடியப் போடாமலே பாத்தாக.

"மணிக் கணக்கு எங்க அப்பா வச்சது. அத மாத்தச் சொல்றியா?"

"மாமா இன்ஜினுக்கு வச்சாக அத்தான். இது வெயிலு. மணிய விட்ருவோம். ஆளுக்கு ஒரு நாள் முழுசா எடுத்துக்குவோம். நல்ல வெயிலும் மந்த வெயிலும் எல்லாருக்கும் சரிசமமா வரும்."

"மூணு நாளைக்கு ஒருக்காத் தண்ணி பாச்சுனா என் பருத்தி என்னத்துக்கு ஆகும்?"

என் மெளகா ஒரு வாரமா மூணு பாத்தி மூணு பாத்தியா நனையுதே, அது என்னத்துக்கு ஆகும்? அதக் கேட்டேன். கேட்டதுக்கு பெரியத்தான் வீட்டு அக்கா அடுப்படியில இருந்து, "நீதானம்மா காலை முறை வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன"ன்னாக. எந்திரிச்சு வந்துட்டேன்.

வர்ற வழியில அழுதேன். கோவத்துல வர்ற அழுகைதான். துக்கம் ஒன்னும் இல்ல.

பிப். 12, புதன்

திருப்பூர்ல இருந்து எங்க வீட்டுக்காரர் போன் பண்ணாக. பனியன் கம்பெனியில சாப்பாட்டு நேரம், பின்னால ஒரே சத்தம். எல்லாத்தையும் சொன்னேன். டிரம்ம, நிமிசத்த, எல்லாம்.

"அண்ணன எதுத்துப் பேசிட்டியா?"

இதுதான் மொதக் கேள்வி. செடி எப்படி இருக்குன்னு கேக்கல.

"அவர் பேருலதான் பம்பு வந்திருக்கு. அனுசரிச்சுப் போ. பொங்கலுக்கு வாரப்ப பேசுறேன்."

பொங்கல் போயி ஒரு மாசம்தான் ஆகுது. அடுத்த பொங்கலச் சொல்றாக. அதுவரைக்கும் மெளகாச் செடிய அனுசரிச்சுப் போகச் சொல்லவா?

பிப். 13, வியாழன்

ஆபீஸர் வந்தாரு. விழாவுல பேசுனவரு. வேலை முடிஞ்சதுன்னு பேப்பர் முடிக்கணுமாம். வந்த நேரம் பன்னெண்டு. குழாய் யானை தும்பிக்க மாதிரி பீச்சுது. போட்டோ புடிச்சாரு. பெரியத்தான் பக்கத்துல நின்னு சிரிச்சாக.

நான் போனேன். "சார், இத ஏழு மணிக்கு வந்து பாருங்க."

"ஆபீஸே பத்து மணிக்குத்தாம்மா."

விவரத்தச் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டாரு, பொய் சொல்லக் கூடாது. கடேசில சொன்னாரு: "தண்ணி வருதான்னு பாக்குறதுதாம்மா எங்க வேலை. யாருக்கு வருதுன்னு பாக்குறது எங்க வேலை இல்ல."

ஒரு மோட்டார் ஓடுனா எம்புட்டு டீசல் மிச்சம், நாட்டுக்கு எம்புட்டு கரண்டு மிச்சம், எல்லாம் விரல் நுனியில வச்சிருக்காரு. என் வயலு வாமடையில எம்புட்டுத் தண்ணி வந்துச்சுன்னு எழுத எந்தப் பேப்பர்லயும் எடம் இல்ல.

பெறகு பாரத்த நீட்டுனாரு. 'பம்பு திருப்திகரமாக இயங்குகிறது.' மூணு பங்குக்காரரும் கையெழுத்து. பெரியத்தான் போட்டாக. செல்வம் போட்டான். எங்க பங்குக்கு நான் போடணும்.

"எனக்குத் திருப்தி இல்ல. போட மாட்டேன்."

பெரியத்தான் மொகம் கறுத்துப் போச்சு. ஆபீஸர் பாரத்தப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, "பேசி முடிவு பண்ணுங்க, சனிக்கிழமை பாப்போம்"னு பைக்க எடுத்துட்டாரு.

ராத்திரி நல்லாச் சாப்பிட்டேன். ரெண்டு முட்டை.

பிப். 14, வெள்ளி

கெழக்கோரம் நாலு பாத்தி தொவண்டு போச்சு. பூ உதிர்ந்து கெடக்கு. கைல அள்ளிப் பாத்தேன்.

செல்வம் வந்தான். அவன் கொஞ்சம் நல்லவன், அதனாலதான் தூது. "மதினி, கையெழுத்துப் போடலைன்னா அஞ்சு வருசம் இலவசமா ரிப்பேர் பாக்குறது கெடையாதாம். அண்ணன் தங்கு தங்குன்னு குதிக்குது."

"நாள் முறைக்குச் சரின்னு சொல்லச் சொல்லு. அந்த நிமிசம் போடுறேன். ஒனக்கும் அது நல்லதுதானடா, நாலு மணிக்கு ஒனக்கும் நூலாத்தான வருது?"

தலையச் சொறிஞ்சான். "நான் சொன்னா அண்ணன் கேக்காது மதினி."

சரி. நாளைக்கு ஆபீஸர் வரட்டும். கையெழுத்து என்கிட்ட இருக்கு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினாறு வருசத்துல என்கிட்ட இருக்குற ஒரே பிடி.

பிப். 15, சனி

ஆபீஸர் வரல. நாள் பூரா ரோட்டையே பாத்தேன்.

பாப்பாவுக்குச் சளி.

பிப். 16, ஞாயிறு

செல்வம் பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும், கொழாயடியில. "பம்பு பேப்பர் முடிஞ்சிருச்சாமேக்கா. நேத்தே."

எப்படி முடியும்?

எங்க பங்குக்குப் பட்டாவுல இருக்குறது எங்க வீட்டுக்காரர் பேரு. என் பேரு இல்ல. அவுக போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்காக. பெரியத்தான் போன் பண்ணி, "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு"ன்னு கேட்டாகளாம். இவுக சொல்லிட்டாக. ஆறு நம்பரு. ஆபீஸரு திருப்பூருக்குப் போகல, இங்கயும் வரல. உக்காந்த எடத்துலயே எனக்குத் திருப்தி ஆயிருச்சு.

போன் போட்டேன்.

"எதுக்குன்னு கேட்டீகளா?"

"அண்ணன் கேட்டாரு, சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

"நான் போட மாட்டேன்னு சொன்னது தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

தெரியும்! தெரிஞ்சேதான் சொல்லியிருக்காக. மூணு நாளா நான் என்னமோ ஆயுதத்த வச்சிருக்குற மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஊரே உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கும். போன வச்சுட்டேன். சோறு பொங்கல. பாப்பா ரொட்டி தின்னுட்டுப் படுத்துருச்சு.

இம்புட்டு ஆத்திரம் ஒரு ஒடம்புக்குள்ள தங்குமான்னு இருக்கு.

பிப். 17, திங்கள்

பனி இல்ல. சுள்ளுன்னு வெயில்.

ஏழு மணிக்குப் போனேன். பத்து ஆச்சு. பெரியத்தான் வந்தாக. நான் மடையில நின்னேன். மாத்தல.

"முறை முடிஞ்சிருச்சு."

"முடியல அத்தான். நீங்க ஒரு நாளைக்கு எத்தன டிரம்மு எடுக்குறீகளோ, அத்தன எடுத்துட்டு நானே மாத்தி விடுறேன்."

"வழி விடு."

"மாட்டேன்."

கையத் தொட்டு வெலக்க முடியாது, தம்பி பொண்டாட்டி. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாக. பெறகு போன எடுத்து எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டு, சத்தமா வச்சு, என் பக்கம் நீட்டுனாக.

"ஏய், மடைய மாத்தி விடு. மானத்த வாங்காத." அவுக சத்தம்.

"நீங்க வந்து மாத்துங்க. பஸ் ஏறி வாங்க. இந்தத் தொவண்ட செடிக்கு நடுவுல நின்னு, ஒங்க கையால மாத்துங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பெரியத்தான் போன அமத்திட்டுப் போயிட்டாக. வரப்போரத்துல போயி குத்த வச்சிருக்காக, இந்தா இப்பவும் இங்கயே பாத்துக்கிட்டு. நானும் வரப்புல உக்காந்துதான் இத எழுதுறேன். மணி பதினொன்னரை. பதினாறு பாத்தி நனைஞ்சிருச்சு. இன்னும் எட்டு இருக்கு.