வலது கன்னம்

மார்ச் 4

இடது கன்னத்தை மழித்துக்கொண்டு, வலது கன்னத்தில் எட்டு வாரத் தாடியோடு கடைக்குப் போகிறேன். ஊரார் முகத்தையெல்லாம் இருபத்திரண்டு வருடமாக மழிக்கிறவன் நான்! இன்று ஒருவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பாதியில கரண்ட் போயிடுச்சா?" என்றார். நல்ல கேலிதான். ஆனால் சிரித்தால் கன்னம் அசையும். அசைந்தால் ஷாக் அடிக்கும்.

மூச்சுக்காற்று பட்டாலே துடிக்கிறேன் என்று மனைவி எப்போதும் என் இடது பக்கம் வந்துதான் பேசுகிறாள்.

மார்ச் 6

பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டாவது வேண்டாம் என்று பல் டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார்; நான்தான் கேட்கவில்லை. பல் போச்சு, வலி போகவில்லை. இன்று அவரே நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 10

நரம்பு டாக்டர் பஞ்சு நுனியால் கன்னத்தைத் தொட்டார். துள்ளி எழுந்துவிட்டேன்.

"இது முகத்து நரம்பு வலி. பல்லு பாவம், அது ஒண்ணும் பண்ணல" என்றார். மாத்திரையின் பெயர் கார்பமசெபின். "வலிப்புக்குக் குடுக்கிறதுதான். அடங்காத நரம்ப அடக்கும். அதுக்காக உங்களுக்கு வலிப்புன்னு அர்த்தம் இல்ல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டுமாம். தோல் தடித்தாலோ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே ஓடிவர வேண்டும். நானாக நிறுத்தக் கூடாது. ரத்தம் பார்க்க வேண்டும். மயக்கமும் தூக்கமும் தெளியும்வரை சவரக்கத்தியைத் தொடக் கூடாது. வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மார்ச் 11

மாத்திரை அட்டையைக் கடையில் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். வலிப்பு மாத்திரை தின்கிறவனிடம் எவன் கழுத்தை நீட்டுவான்? பக்கத்து நாற்காலிக்காரன் பதினைந்து வருடக் கூட்டாளி. அவனிடமே, "கை சுளுக்கு, கத்தரி வேலை மட்டும் பாக்கறேன்" என்று புளுகினேன். பாவம், சாயங்காலம் தைலம் வாங்கி வந்து கொடுத்தான்.

மார்ச் 14

தூக்கம். தூக்கம். தூக்கம்.

மார்ச் 21

இன்று பல் துலக்கினேன். வலது பக்கமும்! தண்ணீர் பட்டது, பிரஷ் பட்டது, ஒன்றும் ஆகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த மாத்திரையை யார் கண்டுபிடித்தாரோ, அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 3

ரத்தம் சரியாக இருக்கிறது. கத்தி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தவர் கன்னத்துக்குத்தான். என் வலது கன்னத்தில் வைக்க எனக்கு இன்னும் துணிச்சல் இல்லை.

ஏப்ரல் 16

இருமல், காய்ச்சல். தெருமுனை டாக்டரிடம் போனேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே என் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர்.

"இல்லைங்க."

ஏப்ரல் 18

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

கடையில் எதிரெதிரே கண்ணாடிகள். ஒருவர் உட்கார்ந்தால் பத்துப் பேர் தெரிவார்கள். அதனால் காலையிலிருந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் தெரு வாத்தியார் சவரத்துக்கு வந்தார். நுரை போட்டேன், கத்தியை விரித்தேன். இரண்டு கழுத்து. கண்ணாடியில் இல்லை, என் கைக்கு நேர் கீழே. இதில் எது அவருடையது?

கத்தியை மடக்கி வைத்தேன். "நீ முடிச்சிடுடா" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன். நரம்பு மாத்திரையும் நான் அங்கேதான் வாங்குகிறேன். தெருமுனை டாக்டர் கொடுத்த இருமல் மாத்திரையை வாங்கிப் பார்த்ததும் கடைக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இதுவும் உங்க நரம்பு மாத்திரையும் ஒண்ணா சேரவே கூடாதுங்க. அது உடம்புல தேங்கிடும். நரம்பு மாத்திரை சாப்பிடுறத அங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

சொன்னேன். அவர் நரம்பு டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே என்னைத் திட்டினார். "என் தம்பி பதினெட்டு வருஷமா இதேதான் சாப்பிடுறான், நிஜமாவே வலிப்புக்கு. பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்குறான். அவனுக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு எதுக்கு?"

ஏப்ரல் 20

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். இருமலுக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. மனைவியும் ஒருத்திதான். ஒருத்தி திட்டுவதே போதும்.

வாத்தியார் கழுத்தில் கீறல்கூட இல்லை. அது போதும். அது போதும் சாமி.

ஏப்ரல் 28

கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தரியைக் கீழே வைத்தான். அப்புறம், "அப்ப என் தைலத்த என்னடா பண்ணே?" என்றான்.

மே 2

மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு சட்டைப் பையில். மாத்திரை அட்டை பவுடர் டப்பாவுக்கு முன்னால்.

மே 9

கடை திறக்குமுன் என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். கூட்டாளி இடது கன்னத்தை முடித்துவிட்டு நின்றான்.

"வைக்கட்டுமா?"

"வை."

கத்தி இறங்கியது. முடி போயிற்று, அவ்வளவுதான்.

"கண்ணுல என்னடா?"

"சோப்பு."

"நான் தாடையிலதானே போட்டேன்" என்றான். துண்டை எடுத்துத் தன் கண்ணைத்தான் முதலில் துடைத்தான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நாலு மாதப் பழக்கத்தில் மனைவி என் இடது பக்கம் வந்தாள். முகத்தைப் பார்த்தாள். சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தாள்.