ஆறாவது கதவு

மார்ச் 3, 2018, சனி

இன்று அங்கே இருந்தவர்கள்: நான், பேத்தி யாரித்சா, தரகன் கைல், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் எபிஃபானியோ, அவன் நாய். நாய் ஒன்றுதான் பொய் சொல்லவில்லை.

தெற்கு நாலாம் தெரு. நானும் என் புருஷன் ஹசிந்தோவும் குடித்தனம் தொடங்கிய அதே கட்டடம். இருபத்திரண்டு வருஷம் கழித்து உள்ளே கால் வைக்கிறேன். இரண்டாம் மாடி, தெருப்பக்கம். வெள்ளையடித்து ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் இப்போது இருக்கும் வீட்டை விற்றுவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கைல் கேட்கும் வாடகையை யாரித்சா சம்பளமும் என் பென்ஷனும் சேர்ந்து இந்த வருஷம் தாங்கும். அடுத்த வருஷம்? அதைத்தான் கேட்டேன். கட்டுப்பாட்டு வாடகை வீடுதானே, அரசாங்கம் சொன்னதற்கு மேல் ஏற்ற முடியாதே, நினைத்த நேரத்தில் கிளம்பு என்று சொல்லவும் முடியாதே என்று.

கைல் சிரித்தான். "ஆறு வீடு இருந்தாத்தான் அந்தச் சட்டம், பாட்டி. இங்க அஞ்சுதான். வாசல்ல இருக்கிற அழைப்பு மணியை எண்ணிப் பாருங்க, வீட்டுக்கு ஒண்ணு."

எண்ணினேன். ஐந்து. நான் இதே வாசலில் ஆறு மணி துடைத்திருக்கிறேன்.

மார்ச் 4, ஞாயிறு

பாட்டியாம். நான் என்ன அவன் அம்மாவைப் பெற்றவளா?

மார்ச் 12, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு. அந்த வீட்டின் வாடகை வரலாற்றை அரசாங்கம் குடியிருப்பவருக்குத்தான் அனுப்புமாம், யாரித்சா விசாரித்துவிட்டாள். அப்படியானால் உள்ளே போய்த்தான் சண்டை. சரி, போடுவோம்.

ஏப்ரல் 9, திங்கள்

வரலாறு வந்தது. இரண்டே தாள். 1984 முதல் 1991 வரை வருஷா வருஷம் வாடகை, பக்கத்தில் எங்கள் பெயர். 1992-ல் ஒரு வரி: விலக்கு, ஆறு வீடுகளுக்குக் குறைவு. அதன்பிறகு ஒன்றுமில்லை.

இது யார் வேலை என்று எனக்குத் தெரியும். தரைத்தளத்துப் பின்கட்டில் இருந்த பிரீஹிதா. என் மூத்தவனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய். அவளைக் கொமாய் என்று உறவு சொல்லிக் கூப்பிட்ட வாய் இது. நான் அம்மா சாவுக்குச் சொந்த ஊரான போன்ஸுக்குப் போயிருந்த நேரம், கட்டடத்துக்குச் சொந்தக்காரனான வீட்டுக்காரனிடம் பணம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். திரும்பி வந்தால் பின்கட்டுச் சுவரை இடித்து முன்பக்கத்துக் கடையோடு சேர்த்திருக்கிறான். ஆறு ஐந்தாயிற்று. வாடகை ஏறியது, ஏறியது, 96-ல் நாங்கள் நடுத்தெருவில்.

கதவை விற்றவள்.

ஏப்ரல் 11, புதன்

கோயிலின் கீழ்த்தளத்தில் இலவச வக்கீல். மிஸ் ஒகாஃபர், சின்னப் பெண், பசித்த முகம். 1974 ஜனவரி முதல் தேதி அங்கே ஆறு குடும்பம் இருந்ததைக் காட்டினால் போதுமாம். பிறகு எத்தனை சுவரை இடித்தாலும் சட்டம் போகாதாம்.

அன்றைக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை, எவன் குடிகாரன் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, எனக்கு இதில் லாபம் இருப்பதால் என் வார்த்தை தனியாக நிற்காது என்றாள். ஆறாவது வீட்டில் இருந்தவரே சொல்ல வேண்டும்.

அப்படியானால் அவள் ஒருத்தி போனதற்காக எப்படி விலக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"போனதால இல்ல, டோன்யா ஒதீலியா. அங்க எப்பவுமே வீடு இருந்ததில்லைன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்கணும். கோப்பைக் கேட்டு வாங்கலாம்."

யாரோவா? பணம் வாங்கியவள்தான் எழுதியும் கொடுத்திருப்பாள்.

ஏப்ரல் 12, வியாழன்

போக மாட்டேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

போனேன்.

புஷ்விக்கில் முதியோர் குடியிருப்பு. கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். காப்பி வைத்தாள், நான் தொடவில்லை.

"வா, கொமாய். இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கு உனக்கு என்கிட்ட ஒரு காரியம் வர்றதுக்கு."

"என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு, பிரீஹிதா. எவ்வளவு வாங்கினே?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. ரெண்டு போலீஸ்காரர்கள் வந்தார்களாம். இது வீடே இல்லை, கரி போடும் அறை, குடியிருக்க உரிமை இல்லை என்று ஒரு தாளைக் காட்டினார்களாம். கட்டில், அடுப்பு, மாதா படம் எல்லாவற்றையும் நடைபாதையில் வைத்தார்களாம். மழையாம்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். 1973 டிசம்பர் மின்சார ரசீது. அவள் பெயர், கட்டட எண், பின்கட்டு. எடுத்துப்போ, சாட்சிக் கையெழுத்தும் போடுகிறேன் என்றாள்.

அந்தத் தாளை எழுதினது யார் என்று கேட்டேன்.

"கோப்பு வருதுல்ல. படிக்கத் தெரியும்ல உனக்கு."

இந்த வயதிலும் அந்த வாய்க்கொழுப்பு அடங்கவில்லை.

மே 22, செவ்வாய்

கோப்பு வந்தது. மிஸ் ஒகாஃபர் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனாள். முன்பே படித்திருக்கிறாள்.

1991 செப்டம்பர் 17. "பின்கட்டில் என்றும் எவரும் குடியிருந்ததில்லை. நான் இங்கே இருபது வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியும்." ஏழுக்கு இடுப்பில் கோடு. வரி வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும் எழுத்து. இரண்டாம் வகுப்பு எழுத்து. எனக்கு வந்த ஐம்பது கடிதத்தில் பார்த்த எழுத்து.

ஹசிந்தோ.

அந்த மாதம்தான் அவனுக்கு இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. போன்ஸிலிருந்து திரும்பியதும் புனித யூதா ததேயுவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேனே நான் — நன்றி சொல்லி — முட்டாள் — முட்டி போட்டு —

மே 27, ஞாயிறு

பிரீஹிதாவிடம் போய், ஏன்டி சொல்லலே என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, மூணு புள்ளையோட எங்க போயிருப்பே? என்னைத் திட்டிக்கிட்டாவது குடித்தனம் நடத்தட்டும்னு விட்டேன்."

காப்பியை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 19, செவ்வாய்

வீட்டுக்காரனின் வக்கீல் வழக்குவரை போகவில்லை. ரசீதையும் பிரீஹிதாவின் சாட்சியையும் பார்த்ததும் புது ஒப்பந்தம் அனுப்பிவிட்டான். இரண்டு வருஷம், அதன்பின் நாங்கள் கேட்கும்போதெல்லாம் புதுப்பித்தாக வேண்டும். கட்டுப்பாட்டு வாடகை என்று அச்சடித்த தாளும் சேர்ந்திருந்தது. யாரித்சா அழுதாள். நான் ஒவ்வொரு பக்கமும் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

ஜூலை 1, ஞாயிறு

எபிஃபானியோ வாசல் மணிக்குப் பெயர்ச்சீட்டு எழுத வந்தான். ரொசாடோ என்று ஹசிந்தோவின் பெயர்தானே என்று கேட்டான். பெனீத்தெஸ் என்று எழுதச் சொன்னேன், என் அப்பா பெயர்.

இன்று ஹசிந்தோவின் நினைவு நாள். யாரித்சா பூ வாங்கி வந்து கல்லறைக்குக் கிளம்பு என்றாள். அந்தப் பூவைப் பிரீஹிதாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். "தாத்தா பயந்திருப்பாரு, பாட்டி. வேலை கிடைக்காதோன்னு."

பயத்தை மன்னிப்பேன். நான் பயப்படாதவளா? அந்தக் கையெழுத்தைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், சாகும்வரை, நான் சோறு போட்டுக்கொண்டே அவளைத் திட்டினேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் வேசி என்றுகூடச் சொன்னேன். அவரைக்காய் இன்னும் கொஞ்சம் போடு என்றான்.

வீட்டுக்காரன் வீட்டுக்காரன், அவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. கைல் கூலிக்காரன். போகட்டும்.

மன்னிக்க மாட்டேன்: ஹசிந்தோ ரொசாடோ மெர்காடோ.