பேசிக்கொண்டே பிடிக்கவும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீண்ட ஆலோசனைக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு, கூடத்தில் இருக்கும் பிரம்பு நாற்காலியை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றிப் போடுவது என்று இந்த வீடு நேற்று முடிவெடுத்திருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்தவள் நான், எதிர்த்தவர் உன் அப்பா, வெளிநடப்புச் செய்தவரும் அவரே, மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். இங்கே இருவரும் நலம் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன், பெரும்பாலும் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் முழுதாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாற்காலி ஏன் நகர்ந்தது என்று சொல்ல உன் அப்பாவின் வலது கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். புரை முற்றியதும் ஆபரேஷனுக்குப் போய் இரண்டு முறை திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும், எப்படித் திரும்பினோம் என்று சொல்லவில்லை. இரண்டு தடவையும் பச்சை அங்கி மாட்டி, தலையில் தொப்பி வைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கடைசியாகப் பிரஷர் பார்த்தார்கள், பார்த்ததும் அங்கியைக் கழற்றச் சொன்னார்கள். பிரஷர் இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னதை உன் அப்பா சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, அந்த ஆளுக்கு வெளிச்சத்துல நிக்கவே தெரியல, பாதி முகம் இருட்டு என்று மட்டும் சொன்னார். இடது கண் எப்போதுமே பேருக்குத்தான். அத்தனை வருடம் ஸ்டூடியோ நடத்தி, நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தே சட்டையில் ஒரு பொத்தான் குறைவதைச் சொன்னவர், இப்போது எதிரில் நிற்பது பேருந்தா கட்டிடமா என்று என்னைக் கேட்கிறார். கேட்டுவிட்டுத் தனியாகத் தெருவில் இறங்கியும் போகிறார். நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

பிரஷர் இறங்க மாத்திரையோடு கைப்பிடிப் பயிற்சியும் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தானே நீ அந்தக் கைப்பிடிக் கருவியை வாங்கி அனுப்பினாய். அது நன்றாக வேலை செய்கிறது, எங்களைவிட நன்றாக. முறை சுலபம். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், சற்று ஓய்வு, பிறகு மற்ற கை, இப்படி நான்கு தடவை, மூச்சு எப்போதும்போல் போய்வர வேண்டும். அந்த எப்போதும்போல் என்பதைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை. உன் அப்பாவுக்கு மூன்றில் ஒரு பங்கே அவமானமாக இருந்தது. பிடிச்சா முழுசாப் பிடிக்கணும், இதென்ன ஆகாத சம்பந்திக்குக் கை குடுக்கற மாதிரி என்றார், உன் மாமனாரைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால் கருவி கீச்சென்று கத்தும். அது கத்த, இவர் முறைக்க, வாரங்கள் போயின, பிரஷர் இறங்கவில்லை, சில நாள் ஏறிக்கூட இருந்தது. நான் நம்பாமல் மறுபடி பார்ப்பேன், இன்னும் ஏறியிருக்கும், மறுபடி பார்ப்பேன். நீ பாக்கறதாலதான் ஏறுது என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

போன மாதம் ஒரு மாலை அவர் பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை, அவருடைய மூச்சுச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் தாடை இறுகி, ஒரு கண் சுருங்கி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் கையிலிருந்த டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடி, என்னங்க என்னங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் புஸ்ஸென்று மூச்சை விட்டு, ஏண்டி, ஆடிப்போச்சே என்றார். ஸ்டூடியோவில் யாராவது விளக்கை இடித்துப் படம் கெட்டால் சொல்வாரே, அதே வார்த்தை, அதே முகம். பொத்தானை அழுத்தும்போது அசைவு வரக் கூடாதென்று மூச்சைப் பிடித்துப் பழகிய மனிதர். கையால் ஒன்றை நிதானமாக அழுத்து என்றால் அந்த உடம்புக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பொத்தானுக்கு ஒரு நொடி போதும், இதற்கு இரண்டு நிமிடம். முடியாதபோது ஒரு வாய் காற்று இழுத்து மறுபடி அடக்கி, இத்தனை நாளும் பிரஷரை இறக்கப் பாடுபட்டு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து உதவியிருக்கிறேன்.

சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. மூச்சு விடாமயா உன்கூட இத்தனை வருஷம் இருந்தேன் என்றார். ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டேன், அந்தப் பெண் சிரித்துவிட்டு, பேசிக்கிட்டே பிடிக்கச் சொல்லுங்கம்மா, பேசினா மூச்சை அடக்க முடியாதுல்ல என்றாள். யாரைப் பேசச் சொல்கிறாள் பார். நீ போன் செய்தால்கூட, நல்லா இருக்கியா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்பதோடு அவர் கடமை முடிந்தது. முதல் நாள் பேச விஷயம் இல்லாமல் கருவிப் பெட்டியில் இருந்த எச்சரிக்கைகளை வாசித்தார். அது தீர்ந்ததும் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள், பாஸ்போர்ட் படத்துக்குக் கண்ணை மூடியே தீருவேன் என்று உட்கார்ந்த பேங்க் மேனேஜர். அவர்களும் தீர்ந்த பிறகு பேச்சில் நீ வந்தாய். பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தில் நீ வாயை மூடிக்கொண்டது விழுந்த பல்லை மறைக்கத்தான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ கிளம்பின அன்று விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிப் பார்த்த இடத்தில் வெளிச்சம் அவ்வளவு சரியாக இருந்ததாம், கேமரா எடுத்துப் போகாததை இன்னும் சொல்கிறார். அவ இளைச்சிருக்காளா, அனுப்பின படத்துல எனக்குத் தெரியல, நீ பாத்துச் சொல்லு என்று முந்தாநாள் கேட்டார். பிடித்தபடியே கேட்டார், முள் பச்சைக் கோட்டில் நின்றது.

ஜன்னல் ஓரம் பேசினால் எதிர்க்கடைத் தையல்காரர் காதில் விழுகிறது. முதலில் தலையாட்டினார், பிறகு பதில் சொன்னார், போன வாரம் மிஷினை நிறுத்திவிட்டு, சார் அந்த பேங்க் மேனேஜரை அப்படியே விட்டுட்டீங்களே, பொண்ணு எப்ப வருது என்று கேட்டார். அன்றிலிருந்து உன் அப்பா அங்கே வாயைத் திறப்பதில்லை, வாயைத் திறக்காவிட்டால் மூச்சு நிற்கிறது. அதனால்தான் நாற்காலி. அவர் எதிர்த்தது உள்சுவர்ப் பக்கம் வெளிச்சம் போதாதென்று.

பிரஷர் மெல்ல இறங்கி டாக்டர் கேட்ட அளவுக்குள் நிற்கிறது. மாத்திரை, உப்பைக் குறைத்தது, இது எல்லாம் சேர்ந்துதான் என்கிறார் டாக்டர், எனவே எதையும் விட எனக்குத் துணிவில்லை. ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் புதன்கிழமை. இனி சொல்லப்போவதைப் போனில் சொல்ல முடியாது, பக்கத்திலேயே இருக்கிறார், அதற்காகத்தான் கடிதம். அதுவரை தினமும் எங்கள் மாலை ஆறு மணிக்கு, அவர் பிடிக்க உட்காரும் நேரத்தில், நீ கூப்பிடு. ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்துவிடுகிறேன், கருவியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து போனை என்னிடம் கொடுக்க முடியாது. நீ கேள்வி மட்டும் கேள். அழுது வைக்காதே, அவர் பிடி இறுகிக் கருவி கத்தும். இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் எட்டிப் பார்த்தேன், செய்தித்தாளை மூக்கில் இடிக்க வைத்துக்கொண்டிருக்கிறார், மூச்சு விடுகிறார். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள், நம் வீட்டில் வாரிசுக்குப் போவது அது ஒன்றுதான்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நீண்ட காலம் வாழ வேண்டும். ஆறு மணி, மறந்துவிடாதே.

உன் அம்மா

பி.கு.: ஆபரேஷன் ஆன பிறகு ஒரு மாதத்துக்குக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை மாலையோடு கருவியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவேன்.